வீட்டிலேயே போட்டதுதானே

சென்ற தை மாதம் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தோம். நாங்கள் நால்வரும் சேர்ந்து கொண்டுபோன அன்பளிப்பு, டீப்பாய் மேல் விரிக்கும் வட்டவடிவ விரிப்பு ஒன்று. வெண்ணிறப் பருத்தி நூலில், கொக்கி ஊசியால், கை மாற்றிக் கை மாற்றி முப்பத்திரண்டு மாலைப்பொழுதுகளில் பின்னியது. நண்பரின் உறவினரான ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். 'ரொம்ப நல்லா இருக்கே, எங்கே வாங்கினீங்க?' என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். நாங்களே பின்னினோம் என்றோம். 'ஓ, வீட்டிலேயே போட்டதுதானே' என்று சொல்லிவிட்டு, மின்கெண்டி ஒன்றின் அட்டைப்பெட்டிக்கு அடியில் அதை வைத்தார்.

அவர்மேல் எங்களுக்கு வருத்தம் ஏதுமில்லை. விழா வீட்டில் நூறு பொருள்கள் கைமாறும்போது எதை எதன்மேல் வைப்பது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அந்தச் சொற்றொடரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 'தானே' எங்களோடு வீடு வரைக்கும் வந்தது. கடையில் வாங்கியது என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு விலை இருந்திருக்கும். விலைக்கு உரிய மரியாதையும் இருந்திருக்கும். எங்கள் கை பட்டது என்று சொன்ன கணத்தில் அது இலவசமாகிவிட்டது. கைவேலைக்கு நம் வீடுகளில் நேர்ந்துவரும் இந்த விசித்திரமான மதிப்பிழப்பைப் பற்றிச் சில சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நாங்கள் இந்த ஊசியைப் பிடித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். மாதம் இருமுறை ஞாயிறு பிற்பகலில் நாவல்கள் வாசித்து விவாதிக்கும் சிறு கூட்டம் எங்களுடையது. எங்களில் ஒருவரின் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் நடக்கும். பெரியம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். நாங்கள் யதார்த்தவாதம், பின்நவீனம் என்று முட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மணி நேரமும் அவர் சன்னலோர நாற்காலியில் அமர்ந்து குரோஷா பின்னிக்கொண்டிருப்பார். கூட்டம் கலையும்போது எங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அவர் கையில் ஒரு சாண் லேஸ் இருக்கும். பல மாதங்கள் இந்த வேற்றுமையைப் பொறுத்துக்கொண்ட பிறகே எங்களுக்கும் கற்றுத்தரும்படி கேட்டோம்.

குரோஷா என்று நம் வீடுகளில் வழங்கும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அதற்குச் சிறு கொக்கி என்று பொருள். பெயரில் உள்ளதுதான் கருவியிலும். முனை வளைந்த ஒரே ஓர் ஊசி, ஒரே ஓர் இழை. கம்பளிச்சட்டை பின்னும் இரட்டை ஊசி வேலையில் ஒரே நேரத்தில் பத்துகளில் கண்ணிகள் ஊசிமேல் உயிரோடு காத்திருக்கும். இதில் எப்போதும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கிறது. அந்த ஒரு கண்ணியின் வழியே நூலை இழுத்து அடுத்த கண்ணி, அதன் வழியே அதற்கடுத்தது. முதலில் சங்கிலி, பிறகு சங்கிலியின்மேல் குட்டைத் தூண்கள், உயரமான தூண்கள், இடையே வெற்றிடங்கள். அடிப்படை இவ்வளவே. ஊசியை உருவிவிட்டு நூல் முனையை இழுத்தால், மூன்று வாரத்து வேலை மூன்று நிமிடத்தில் நூலாகிவிடும். நாங்கள் தவறு செய்து முகம் வாடும்போதெல்லாம் பெரியம்மா, 'பிரிச்சுப் போடு மக்களே, நூலு எங்கயும் போயிராது' என்பார். எழுதியதைக் கிழித்துப் போடத் தெரியாத எழுத்தாளர்கள் நிறைந்த நம் சூழலில் இந்த அறிவுரைக்கு வேறு பயன்களும் உண்டு; அதை இங்கே விரிக்க வேண்டாம்.

தவறுகளும் சாதாரணத் தவறுகள் அல்ல. பெரியம்மா தம் பள்ளியில் ஆசிரியைகளிடம் கற்றது பிரிட்டிஷ் பெயர் முறை. 'ஆறு டபுள் போட்டு வட்டமாக்கு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டு' என்பது அவருடைய சூத்திரம். நாங்கள் வீட்டுக்கு வந்து 'டபுள்' என்றால் என்னவென்று காணொளியில் பார்த்தோம். காணொளிக்காரர் அமெரிக்கர். அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்று சொல்லும் குட்டைத் தூணைத்தான் பிரிட்டிஷார் 'டபுள்' என்கிறார்கள்; அமெரிக்க 'டபுள்' அதைவிட ஏறக்குறைய இருமடங்கு உயரம். உயரமான தூணுக்குச் சுற்றுக்கு ஆறு கூட்டினால் போதாது, பன்னிரண்டு வேண்டும். விளைவாக எங்கள் கோப்பை விரிப்பு சுற்றுக்குச் சுற்று உள்நோக்கி வளைந்து கிண்ணமாகிவிட்டது. எங்களில் இன்னொருவர் கூட்டுவதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு என்று பெருக்கிக்கொண்டே போனார். அவருடையது விளிம்பெல்லாம் சுருண்டு, முட்டைக்கோசு இலைபோல அலையலையாக எழுந்து நின்றது.

அந்த முட்டைக்கோசு இலைக்கு ஒரு வரலாறு இருப்பதைப் பின்னால்தான் அறிந்தோம். யூக்ளிடின் சமதளத்துக்கு மாறான அதிபரவளையத் தளம் என்ற ஒன்றைக் கணித அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கற்பித்துவிட்டார்கள். அதைக் கையில் பிடித்துப் பார்க்கும் மாதிரியாகச் செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்தவை எளிதில் கிழிந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த லாட்வியப் பெண்மணி தைனா தைமினா, 1997ஆம் ஆண்டு அத்தகைய காகித மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு, இதைக் குரோஷாவில் பின்னிவிடலாமே என்று எண்ணினார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தளம் தானாகவே உருவாகிறது. மடிக்கலாம், இழுக்கலாம், அதன்மேல் நூலால் கோடு தைத்து இணைகோடுகள் எப்படி விலகிப் போகின்றன என்று மாணவருக்குக் காட்டலாம். 2005இல் மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் சகோதரிகள் இதே உத்தியை எடுத்துக்கொண்டு, வெப்பத்தால் அழிந்துவரும் பவளப்பாறைகளைக் கம்பளி நூலில் பின்னும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பல நாடுகளின் பெண்கள் அதில் கைகோத்தார்கள். கணிதப் பேராசிரியரின் மேசைக்கும் அருங்காட்சியகத்துக்கும் போன பிறகு இதே பின்னலை யாரும் 'வீட்டிலேயே போட்டதுதானே' என்று சொல்வதில்லை. ஊசியும் நூலும் விரலும் அவைதாம். இடம் மட்டும் மாறியிருக்கிறது.

புதிதாகத் தொடங்க நினைப்போர்க்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள். மேசை விரிப்பில் தொடங்க வேண்டாம், முடிக்கமாட்டீர்கள். கோப்பை விரிப்பு, செம்பு மூடி, சூடான பாத்திரம் பிடிக்கும் சதுரம் இவைபோன்ற உள்ளங்கை அளவுப் பொருள்களில் தொடங்குங்கள். கோப்பை விரிப்பு ஒன்றுக்கு, கை பழகியபின் அரைமணி நேரம் பிடிக்கும். அடுப்படிப் பொருளென்றால் பருத்தி நூல்தான். கடையில் வண்ணவண்ணமாகத் தொங்கும் அக்ரிலிக் நூல் மலிவு, பளபளப்பு. ஆனால் கொதிக்கும் பாத்திரம் பட்டால் உருகும். மெல்லிய நூலுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான எஃகு ஊசி வேண்டும். கண் பழகாதவர்கள் தடித்த நூலும் நான்கு மில்லிமீட்டர் ஊசியுமாகத் தொடங்குவது நல்லது. செம்பு மூடியின் விளிம்பில் மணி கோத்து முடிப்பது அழகுக்கு மட்டும் அல்ல, காற்றில் பறக்காமல் கனம் கொடுக்க. கைக்குழந்தைக்குப் பின்னுவதானால் மணியும் பொத்தானும் கூடாது. பெரிய ஓட்டைகளும் கூடாது. சின்னஞ்சிறு விரல்கள் அவற்றில் மாட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்குக் குழந்தைத் தொப்பிகூடப் பருத்தியில்தான் இருக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் கண்டிப்பு.

அன்பளிப்பாகக் கொடுக்கும் முன் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். எங்கள் தாய்மார்களின் தலைமுறை தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை, வானொலிக்கு உறை, குளிர்ப்பெட்டியின் கைப்பிடிக்கு உறை என்று பின்னித் தள்ளியது. அவற்றைக் கேலி செய்வது இப்போது சுலபம். அவை பின்னப்பட்ட காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி என்பது வீட்டின் மிக விலையுயர்ந்த பொருள், தூசியிலிருந்து காக்கப்பட வேண்டியது. அதன்மேல் வீட்டுப் பெண் தன் கையொப்பத்தைப் போட்டாள். ஆனால் பெறுபவர் வீட்டில் என்ன பயன்படும் என்று பாராமல் நம் ஆசைக்குப் பின்னிக் கொடுப்பது, வாசகர் வேண்டாத கவிதையைக் கையில் திணிப்பதற்கு ஒப்பு. பெறுபவருக்கும் ஒரு கடமை உண்டு. நல்ல விரிப்பு என்று பீரோவில் பாச்சை உருண்டையோடு பூட்டிவைக்காதீர்கள். காபி சிந்தட்டும், மஞ்சள் கறை படட்டும். பருத்திதான், துவைத்துக்கொள்ளலாம்.

இனி எங்கள் மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பதற்கு வருகிறோம். குரோஷாவைப் பற்றி யார் எழுதினாலும் 'ஓய்வு நேரத்தில் பெண்கள் செய்யும் கைவேலை' என்றே தொடங்குகிறார்கள். இந்த ஓய்வு நேரம் என்ற சொல்லைத்தான் நாம் ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஏனெனில் இந்தப் பின்னலின் வரலாற்றைச் சற்றே கிளறினாலும் ஓய்வைவிடப் பசியே முன்னால் வந்து நிற்கிறது.

அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த ஆண்டுகளின் பஞ்சத்தில் பத்து லட்சம் பேரளவில் மாண்டார்கள். அப்போது கார்க் நகரை அடுத்த உர்சுலைன் கன்னியர் மடத்திலும், வடக்கே குளோன்ஸ் என்ற சிற்றூரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் வழியாகவும், ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பிக்கப்பட்டது. வெனிஸ் நகரத்தின் விலையுயர்ந்த ஊசி லேஸைப் பார்த்து, அதைவிடப் பன்மடங்கு விரைவாகக் கொக்கி ஊசியால் செய்யும் வழி அது. ஒரு வீட்டில் ரோஜா, மற்றொரு வீட்டில் இலை என்று தனித்தனியே பின்னி, பிறகு வலைப்பின்னலால் இணைத்தார்கள். தம் குடும்பத்துக்குரிய பூவின் பின்னல் முறையை அக்கம்பக்கத்தார் அறியாமல் மறைத்துவைத்த குடும்பங்கள் இருந்தன என்கிறார்கள். வயிற்றுப்பாடு அதில் அடங்கியிருந்தது. லண்டன் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டையில் அந்த ரோஜா பூத்தபோது, அதைப் பின்னியவளுக்கு அது ஓய்வு நேர வேலையாக இருந்திருக்குமா?

நம் அருகிலேயே இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபூர், குரோஷா லேஸுக்குப் பெயர்பெற்ற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியே அங்கு வந்த கலை, பின்னர் வணிகர் கைக்குப் போய், வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பெருந்தொழிலாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1978, 79ஆம் ஆண்டுகளில் அங்கே கள ஆய்வு செய்து, 'நரசாபூரின் லேஸ் பின்னுவோர்' என்ற நூலை 1982இல் வெளியிட்டார். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் இந்திய இல்லத்தரசிகள் என்பது அதன் துணைத்தலைப்பு. முரண் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

மீஸ் கண்டது இது. அப்பெண்கள் சமையல், தண்ணீர், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றுக்கும் மேலாக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் பின்னினார்கள். தரகர் நூல் தருவார், பூக்களைப் பின்னித் தர வேண்டும். பூக்களை இணைப்பவர் வேறு பெண்கள். தன் பூ எந்த விரிப்பில் எந்த மூலையில் போய்ச் சேர்ந்தது, அது என்ன விலைக்கு விற்றது என்பது பூவைப் பின்னியவளுக்குத் தெரியாது. கிடைத்த கூலி, வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு அரசு விதித்த குறைந்தபட்சக் கூலியைவிடவும் மிகக் குறைவு. இத்தனைக்கும் அவர்களைத் தொழிலாளிகள் என்று யாரும் சொல்லவில்லை, அவர்களே சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள், சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள், அவ்வளவுதான். கூலிக்கு வயலில் இறங்காமல் வீட்டுக்குள் இருப்பது அவர்களில் சில சாதியினருக்குக் கௌரவமாகவும் இருந்தது. அந்தக் கௌரவத்தின் விலை கூலியில் கழிக்கப்பட்டது. ஒருத்தியை 'இல்லத்தரசி' என்று வரையறுத்துவிட்டால் அவள் உழைப்பு உழைப்பல்லாமல் போய்விடுகிறது என்பதை மீஸ் அந்த ஆய்விலிருந்தே ஒரு கோட்பாடாக வளர்த்தெடுத்தார். 2023இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு, 2024இல், நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது நல்லதே. அக்குறியீடு பெயரைக் காக்குமே தவிர, பின்னுபவளின் மணிக்கூலியை அது நிர்ணயிப்பதில்லை.

தமிழ்நாட்டிலும் இதன் கிளைக்கதை உண்டு. நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். அது குரோஷா அல்ல. தலையணையில் குண்டூசிகள் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேறு வகை. அவருடைய மகள் எலைசா 1844இல் மணந்தவர் ராபர்ட் கால்டுவெல். எலைசா இடையன்குடிக்கு அந்த லேஸைக் கொண்டுசென்றார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்ததைத் தமிழிலக்கிய வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே இடையன்குடியில் பெண்கள் கூடிப் பின்னிக்கொண்டிருந்ததைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எங்கே படித்திருக்கிறோம்? எங்கள் வாசிப்புக்கு எட்டியவரை, நம் சிறுகதைகளில் தையல் எந்திரம் ஓரளவு ஓடியிருக்கிறது. லேஸ் ஊசி அனேகமாக வந்ததேயில்லை.

நரசாபூரைப் பற்றி நாங்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெரியம்மா, ஊசியை நிறுத்தாமலே, 'நாங்களும் அப்படித்தானே போட்டோம்' என்றார். திருமணத்துக்கு முன்பு, ஊரில் வியாபாரி ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாராம். கையில் ஒரு சிறு தராசு. நூலை நிறுத்துக் கொடுப்பார். அடுத்த வாரம் பின்னிய பூக்களை நிறுத்து வாங்குவார். எடை குறைந்தால் காசு பிடித்துக்கொள்வார். எனவே வெட்டி எறியும் நூல்முனைகளைக்கூட ஒரு டப்பாவில் சேர்த்துவைத்துக் காட்ட வேண்டும். 'நூலுக்குத்தான் தராசு மக்களே. ராத்திரி விளக்கு வச்சுட்டு போட்டதுக்கு ஒரு கணக்கும் கெடையாது' என்றார். அந்தப் பணத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். தம்பிக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியதாகச் சொன்னார். தம்பி பிற்காலத்தில் பெரிய உத்தியோகத்துக்குப் போனவர். குடும்பக் கதைகளில் அவர் தெருவிளக்கில் படித்தது இன்றும் சொல்லப்படுகிறது. அக்காவின் பூக்களைப் பற்றி எங்கள் நண்பரே அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டார்.

இன்னொரு செய்தியும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். நெசவுக்கு எந்திரம் உண்டு, இரட்டை ஊசிப் பின்னலுக்கு உண்டு, தையலுக்கு உண்டு. உண்மையான குரோஷா பின்னலைச் செய்யும் எந்திரம் ஆலைகளில் இன்றும் ஓடவில்லை. பார்வைக்கு அதைப்போல இருக்கும் துணியை உருவாக்கும் எந்திரங்கள் இருக்கின்றன; ஆய்வுக்கூடங்களில் சில மாதிரிகள் செய்து பார்க்கப்பட்டுள்ளன. அவ்வளவே. ஆகவே ஆயத்த ஆடைக் கடையில் அசல் குரோஷா மேற்சட்டை ஒன்று அடிமாட்டு விலைக்குத் தொங்குமானால், எங்கோ ஒருவர் அதைக் கண்ணி கண்ணியாகக் கையால் பின்னியிருக்கிறார் என்று பொருள். அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை அந்த விலைச்சீட்டை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம். அத்தகைய மலிவுச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் கோப்பை விரிப்பைப் பார்த்து 'இதற்கா இவ்வளவு?' என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் எங்களிடம் இல்லை.

ஆம், எங்களிடமும் விலைக்குக் கேட்டார்கள். புதுமனை விழாவில் விரிப்பைப் பார்த்த மற்றொருவர், அதேபோல ஒன்று வேண்டும், பணம் கொடுத்துவிடுகிறேன் என்றார். கணக்குப் போட்டோம். முப்பத்திரண்டு மாலை, மாலைக்கு இரண்டு மணி நேரம், ஆக அறுபத்துநான்கு மணி நேரம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு எங்கள் தெருவில் கொடுக்கும் மணிக்கூலியால் பெருக்கி, நூல் விலையைக் கூட்டிச் சொன்னோம். அவர் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்துவிட்டார். நாங்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் பேச்சை மாற்றினார்.

இவ்வளவு கறாராக இருந்தால் யார் வாங்குவார்கள் என்பது நியாயமான கேள்வி. எங்கள் கட்சி இதுதான். அன்பளிப்பாகக் கொடுக்கும்போது மணிக்கணக்குப் பேசக்கூடாது. அந்த அறுபத்துநான்கு மணி நேரமும் நண்பருக்கு நாங்கள் மனமுவந்து கொடுத்தவை, திரும்பக் கேட்கமாட்டோம். விற்கும்போதோ முழு மணிக்கணக்கும் பேச வேண்டும். நமக்கு வருமானம் தேவையில்லை, பொழுதுபோக்குத்தானே என்று பாதி விலைக்குக் கொடுத்தால், அதே பின்னலை நம்பி அடுப்பெரிக்கும் வேறொருத்தியின் விலையை நாமே அடித்துக் கீழே தள்ளுகிறோம். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் 'சும்மா ஆசைக்கு' விற்கும் ஒவ்வொரு மலிவு விரிப்பும் இதைச் செய்கிறது. கடுமையாகத் தோன்றலாம், ஆனால் இதில் எங்களுக்கு ஐயமில்லை. யாரும் வாங்கவில்லையென்றால் வாங்காமல் போகட்டும். நாங்கள் நண்பர்களுக்குப் பின்னிக்கொள்கிறோம்.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்பு வரக்கூடும். சன்மானம் இல்லாமல் எழுதி, கைக்காசு போட்டு அச்சடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பியே ஓர் இலக்கியத்தை வளர்த்த நாம், உழைப்புக்குக் கூலி என்று பேசலாமா? பேசலாம் என்றே நினைக்கிறோம். மனமுவந்து கொடுத்ததைப் பிறர் உரிமையாக எடுத்துக்கொண்டபோது என்ன ஆயிற்று என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

சென்னையைச் சேர்ந்த குரோஷா குழுவொன்று, பல ஊர்ப் பெண்கள் பின்னியனுப்பிய சதுரங்களை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை உருவாக்கி 2016 சனவரியில் கின்னஸ் சாதனை படைத்தது. அளந்து முடித்தபின் அதைப் பிரித்து, தேவைப்பட்டோருக்குப் போர்வைகளாகக் கொடுத்தார்கள். இது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. சாதனையைவிட அந்தப் பிரிப்பு. ஆனாலும் கின்னஸ் அளப்பது சதுர மீட்டரைத்தான். அத்தனை சதுரங்களுக்குள் எத்தனை லட்சம் மணி நேரம் மடிந்து கிடந்தது என்று யாரேனும் கூட்டிப் பார்த்திருந்தால் நன்றாயிருக்கும்.

பெரியம்மா வீட்டில் சென்ற மாதம் தட்டையான தொலைக்காட்சி வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். பழைய பெட்டியோடு அதன் உறைக்கும் வேலை போயிற்று. நாற்பது வயதான உறை அது. நடுவில் அன்னாசிப்பழ வடிவம், ஓரமெல்லாம் விசிறி. நினைவாக வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டோம். 'எதுக்கு, பீரோவுல கெடக்கவா?' என்று சொல்லிவிட்டு, கடைசி முடிச்சைத் தேடி அவிழ்த்து, நூலை இழுத்துப் பிரிக்கத் தொடங்கினார். நாங்கள் நால்வரும் முறை வைத்துச் சுற்றினோம். பிரித்த நூல் தலைமயிர்போலச் சுருண்டு சுருண்டு வந்தது. அதை வளையமாகச் சுற்றி, வெந்நீரில் அலசி, கீழே ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டார். இரண்டு நாளில் நூல் நிமிர்ந்துவிட்டது. சில இடங்களில் இற்றுப்போயிருந்தது. அங்கெல்லாம் வெட்டி முடிந்தார். வெட்டிய முனைகளை எடுத்து, மூடியில்லாத ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தார்.

அந்த நூலில் கீழ்வீட்டுக் குழந்தைக்கு ஒரு தொப்பி ஆயிற்று. மீந்த கண்டு இப்போது எங்களிடம் இருக்கிறது. கோப்பை விரிப்பென்றால் ஆறு வரும் என்கிறார் பெரியம்மா. எங்கள் கணக்குப்படி ஐந்துதான்.